வேடர் அம்பும் கொல்லன் உலையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் மறையும் திசையில் கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என்கிறோம். கொக்கட்டிச்சோலை அப்படுவான்கரையில் உள்ளதோர் ஊர். ஊரைச் சூழ வயல். வயலுக்கு அப்பால் காடு. அக்காடுகளிலே யானையும் மரையும் மானும் பன்றியும் கரடியும் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்திருக்கின்றன. துவக்கு இந்நாட்டுக்கு வருமுன்னே இவ்விலங்குகளை எதனைக்கொண்டு வேட்டையாடினார்கள் என்று வினவினால், வில்லும் அம்புங் கொண்டு என்று சிறு பிள்ளையும் விடை கூறும். எத்தகைய அம்பு கொண்டு என்று மேலும் ஒரு வினாவைத் தொடுத்தால்தான் நாம் சற்றுத் தயங்குவோம். அந்த இரண்டாவது வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

அம்பு என்று ஒரே சொல்லாற் கூறிவிடுகிறோமாயினும் அதற்கு உறுப்புகள் பலவுண்டு. நீண்ட தண்டு கோல் எனப்படும். நாணிலே பொருந்தும் பிளவு குதை. பின்புறத்திற் கட்டுவது இறகு. முன்னே நின்று விலங்கின் உடலைப் பிளப்பது அலகு. கோலும் இறகும் அம்பை நேரே கொண்டுசெல்லும் வாகனங்கள். வேலையைச் செய்வது அலகுதான். ஆகவே பெருவிலங்கு வேட்டைக்கு அம்பைத் தேர்தல் என்பது, பெரும்பாலும் அலகைத் தேர்தலேயாகும்.

அம்பு விலங்கைக் கொல்லும் விதம் துவக்குக் குண்டு கொல்லும் விதத்தினின்றும் முற்றும் வேறானது. வேட்டைத் துவக்கின் குண்டு விநாடிக்கு 700 அல்லது 800 மீற்றர் வேகத்திற் பாய்ந்து, தன் பாதையைச் சுற்றியுள்ள தசையையும் அதிர்ச்சியாற் சிதைக்கிறது. நாண் விட்ட அம்போ விநாடிக்கு 50 மீற்றர் அளவிலேதான் செல்லும். அதற்கு அதிர்ச்சி கொடுக்கும் ஆற்றல் கிடையாது. அது கத்தி போன்றது. நுரையீரலையும் பெரிய குருதிக் குழாய்களையும் அறுத்து, இரத்தத்தைப் பெருகச் செய்தே கொல்லும். நன்கு தீட்டிய அகன்ற அலகு நுரையீரலின் இருபுறத்தையும் ஊடுருவினால் மான் சிறிது தூரம் ஓடி, சற்று நேரத்திலே விழுந்துவிடும். மழுங்கிய அலகோ தசையிற் சொருகி நின்றால், அவ்விலங்கு அம்பையுஞ் சுமந்துகொண்டு பற்றைக்குள் மறைந்து, நாட்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும். இறைச்சி வேட்டுவனுக்குக் கிட்டாது. விலங்குக்கோ வீண் வாதை. எந்த அலகு என்னும் வினா வெறும் ஆயுத ஆராய்ச்சியன்று என்பதற்கு இதுவே காரணம்.

ஒருமுறை படைச்செருக்கு என்னும் அதிகாரத்தை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். காட்டு முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதைக் காட்டிலும் யானைக்குத் தப்பிய வேலை ஏந்துதல் இனிது என்கிறாரே வள்ளுவர். யானைக்கும் அம்பையே சொல்லியிருக்கலாமே, ஏன் வேலைச் சொன்னார் என்பது அவன் ஐயம். நல்ல ஐயம். உரையாசிரியர்கள் வீரத்தைத்தான் விரித்தார்கள்; ஆயுதத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. விடை திருக்குறளிலேயே வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊக்கமுடைமை அதிகாரத்திலே, உடலில் அம்புகள் புதைந்த பின்னும் தன் பெருமிதங் குன்றாது நிலைத்து நிற்கும் களிற்றை வள்ளுவர் உவமை காட்டுகிறார். அஃதாவது, சாதாரண அம்பு யானையின் உடலிற் புதையும், ஆனால் யானையை வீழ்த்தாது என்பதை அவர் அறிந்திருந்தார். யானையின் தோல் சில இடங்களில் ஓர் அங்குலம் வரை தடித்தது. அதன் உள்ளே விலா எலும்புகள் அகன்று நெருங்கி நிற்கின்றன. அதனைக் கடக்க மனிதனின் முழு உடல் வலியும் பின்னே நின்று தள்ளும் வேல் வேண்டும். அல்லது சாதாரணமல்லாத அம்பு வேண்டும்.

அந்தச் சாதாரணமல்லாத அம்பு புறநானூற்றிலே உண்டு. கொல்லிமலைக்குத் தலைவனான வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். இது புலவரின் உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் எதனை உயர்த்திப் பாடினார் என்பதைக் கவனியுங்கள். அம்பு நெடுந்தூரம் சென்றது என்றோ, குறி தவறவில்லை என்றோ பாராட்டவில்லை. ஊடுருவிச் சென்றது என்பதையே பாராட்டினார். பெருவிலங்கு வேட்டையில் அம்புக்குரிய முதற்குணம் ஊடுருவலே என்பது அக்காலத்தார்க்குத் தெரிந்த செய்தி போலும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1660-ஆம் ஆண்டிலே திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரத்தில் ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து தங்கியது. கண்டியரசனின் ஆட்கள் அக்கப்பலோர் சிலரைச் சிறைப்படுத்தி மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். அவர்களுள் ஒருவன் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன். 19 ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிற் கைதியாய் வாழ்ந்து, 1679-இல் தப்பியோடி, 1681-இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டான். வேடரைப் பற்றி அந்நூலிற் சில பக்கங்களே உள்ளன. அவற்றுள் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது.

காட்டு வேடர்க்கு அம்பு தேவைப்படும்போது, இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லனுடைய பட்டறையிலே தொங்கவிடுவார்கள். அதன் பக்கத்திலே, தமக்கு எவ்வடிவில் அம்பலகு வேண்டுமோ அவ்வடிவில் வெட்டிய இலையொன்றையும் தொங்கவிட்டுச் செல்வார்கள். கொல்லன் அந்த இலையின்படியே அலகுகளை அடித்து அவ்விடத்திலேயே வைத்துவிட வேண்டும். வேடர் மறுபடி இரவில் வந்து அவற்றை எடுத்துச் செல்வர். பின்னும் இறைச்சி கொண்டுவந்து கைம்மாறு செய்வர். கொல்லன் செய்து கொடாவிட்டால் ஏதோ ஓர் இரவில் அவன்மீதே அம்பு பாயும் அபாயமும் இருந்தது என்று நொக்ஸ் எழுதுகிறான். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஒரு சொல்லும் பேசாமல் நடந்த வாணிகம் அது.

இச்செய்தியைப் பலர் எடுத்து எழுதியிருக்கிறார்கள். பேசா வாணிகம் என்னும் அளவோடு வியந்து விட்டுவிட்டார்கள். எனக்கோ அந்த இலையின்மீதுதான் கண். ஓர் இலையைக் கொண்டு ஒரு பொருளின் எந்தெந்த அளவுகளைச் சொல்லலாம்? நீளத்தைச் சொல்லலாம், அகலத்தைச் சொல்லலாம், ஓரம் எங்கே வளைந்து எங்கே கூர்கிறது என்பதையுஞ் சொல்லலாம். தடிப்பைச் சொல்ல முடியாது. மூன்று பக்கமுடைய முனையையோ, குழல் போன்ற அடியையோ இலையிற் காட்ட இயலாது. வேடரின் அலகு தட்டையானது. அதன் அடியிலுள்ள ஒடுங்கிய காம்பைக் கோலின் பிளவிலே செருகி, நாரினாற் சுற்றிக் கட்டிவிடுவர். ஆதலினாலேதான் இலை போதுமாயிற்று. தட்டையான அலகைத் தேர்ந்ததனால், எழுத்தும் பேச்சும் இல்லாமலே அளவு பிசகாமற் கட்டளையிடும் வசதியும் அவர்களுக்குக் கிடைத்தது. தடிப்பு எவ்வளவு, இரும்பை எப்படிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து வலுவேற்றுவது என்பவற்றைக் கொல்லனின் அறிவுக்கு விட்டுவிட்டார்கள். வேடனுக்குத் தெரிந்ததை இலை சொல்லிற்று. கொல்லனுக்குத் தெரிந்ததை உலை பார்த்துக்கொண்டது.

மற்றொன்று. எல்லா அலகுகளும் ஒரே அளவாயிருந்தால் ஒவ்வொரு முறையும் இலையை வெட்டித் தொங்கவிட வேண்டிய தேவையில்லை. இறைச்சியைக் கண்ட மாத்திரத்திலேயே கொல்லன் வழக்கமான அலகை அடித்து வைத்திருப்பான். அளவுகள் வேறுபட்டன; அதனாலேதான் இலை வேண்டியிருந்தது. இலங்கை வேடரை 1907, 1908-ஆம் ஆண்டுகளில் நேரில் ஆராய்ந்து 1911-இல் பெருநூல் வெளியிட்ட சார்ள்ஸ் செலிக்மனும் அவர் துணைவியார் பிரெண்டாவும் அத்தகைய வேறுபாட்டைக் கண்டார்கள். ஒருசில அங்குலமேயுள்ள சிறிய அலகுகளும் இருந்தன. ஓர் அடியளவுக்கு நீண்ட பெரிய அலகுகளும் இருந்தன.

ஏன் இந்த வேறுபாடு? அகலமும் ஆழமும் ஒன்றோடொன்று போட்டியிடும் குணங்கள். அகன்ற அலகு பெரிய காயத்தை உண்டாக்கும். ஆனால் தோலையும் தசையையும் அறுத்துச் செல்ல அதிக ஆற்றலைச் செலவிட்டு விரைவில் நின்றுவிடும். ஒடுங்கிய அலகு ஆழமாய்ப் போகும், காயமோ சிறிது. வில்லின் வலி மனிதனின் தோள் வலியால் வரையறுக்கப்பட்டது; விலங்குக்கேற்ப அதை வளர்த்துக்கொள்ள இயலாது. ஆகவே வலி குன்றிய வில்லுக்கும் தோல் தடித்த விலங்குக்கும் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவதே வழி. நீளங் கூடினால் அலகின் ஓரம் தசைக்குள்ளே மெல்லச் சரிந்து அறுக்கிறது. ஆப்புப் போல முட்டி நிற்பதில்லை. இரும்பு கூடுவதனால் அம்பின் முன்பாரமும் மிகுகிறது. பாரமான அம்பு மெதுவாகச் சென்றாலும் தசைக்குள்ளே எளிதில் ஓய்ந்துவிடாது. பாரவண்டியை நிறுத்துவது துவிச்சக்கர வண்டியை நிறுத்துவது போலன்று.

அமெரிக்க வில்லாளர் ஹவார்ட் ஹில் என்பவரும் தம் அனுபவத்தால் இதே முடிபுக்கு வந்தார். அலகின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்காய் இருத்தல் நலம் என்பது அவர் கொள்கை. அவர் ஆபிரிக்காவிலே அம்பினால் யானை வீழ்த்தியதை 1951-இல் திரைப்படமாகவும் வெளியிட்டார். எளிதில் எவரும் வளைக்க இயலாத வில்லும், வழக்கத்தினும் நீண்டு கனத்த அம்பும் அதற்கு வேண்டியிருந்தன. அந்தச் செயலை நான் மெச்சிச் சொல்லவில்லை. உணவுக்கன்றி விளையாட்டுக்காக யானையைக் கொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? நம் காட்டு வேடன் இலையில் வெட்டிக் காட்டிய உண்மையை அவரும் வேறொரு கண்டத்தில் கண்டார் என்பதற்காக மட்டுமே கூறுகிறேன்.

கூர்மையைப் பற்றியும் ஒரு சொல். 1911-இல் கலிபோனியாவின் ஊரொன்றிலே, தன் இனத்தார் அனைவரும் அழிந்துபோகத் தனித்து எஞ்சிய இஷி என்னும் செவ்விந்தியர் வந்து சேர்ந்தார். சக்ஸ்டன் போப் என்னும் வைத்தியர் அவரிடம் வில்வித்தை பயின்றார். இஷி எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி அம்புமுனை செய்வார். பிற்பாடு போப், ஈரலை நிரப்பி மான்தோல் போர்த்த பெட்டியொன்றின்மேல் எஃகு முனையையும் அக்கல் முனையையும் எய்து பார்த்தார். கல்முனையே எஃகினும் ஆழமாய்ப் பாய்ந்தது. எஃகு மட்டமானது என்பது இதன் பொருளன்று. உடைந்த கண்ணாடியின் ஓரத்துக்கு நிகரான கூர்மை அக்கல்லுக்கு உண்டு. எலும்பிற் பட்டால் அது நொறுங்கிவிடும்; எஃகு நொறுங்காது. 1920-இல் பெருங்கரடி வேட்டைக்குச் சென்றபோது போப் எடுத்துச் சென்றது தீட்டிய எஃகு அலகையே.

இக்காலத்திலே வில்வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் அலகுகள் பலவகையாய் விற்பனைக்கு வருகின்றன. பறக்கும்போது மடிந்திருந்து, உடலிற் பட்டவுடன் கத்திகள் விரியும் பொறியலகும் உண்டு. அது காற்றிலே நேராய்ச் செல்லும். மென்தோல் மானுக்கு அகன்ற காயம் செய்யும். ஆனால் விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது; விரிந்த பின் அகலங் கூடுவதால் எஞ்சிய ஆற்றலும் விரைவிற் குறைகிறது. தடித்த தோலும் கனத்த எலும்புமுடைய விலங்குக்கு அசையும் உறுப்பில்லாத ஒரே துண்டு அலகே ஏற்றது என்பதே அனுபவம் மிக்கோர் பலரின் தீர்ப்பு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலே அலகின் அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று சட்டமுண்டு. காயம் சிறிதாகி விலங்கு வதைபடலாகாது என்பதே அதன் நோக்கம். இங்கிலாந்திலோ மான்களை அம்பெய்து கொல்வதையே 1963-ஆம் ஆண்டின் மான் சட்டம் தடுத்துவிட்டது.

வேடரிடம் சட்டப் புத்தகம் இருக்கவில்லை. தூரத்தைப் பற்றிய கட்டுப்பாடு இருந்தது. அவர்கள் நெடுந்தொலைவிலிருந்து எய்யும் வில்லாளர் அல்லர். காற்றின் திசையறிந்து, சருகு நொறுங்காமல் அடிவைத்து, விலங்கின் அருகே நெருங்கிய பின்னரே நாணை இழுப்பர். அவர்களுடைய பேராற்றல் எய்வதிலன்று, தடம் பார்ப்பதிலும் நெருங்குவதிலுமே இருந்தது என்பதைச் செலிக்மனும் குறித்திருக்கிறார். அம்பில் நஞ்சு தடவும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. நஞ்சு இல்லாதபோது அலகு கூராயிருந்தே ஆகவேண்டும்; தூரம் குறைவாயிருந்தே ஆகவேண்டும்.

அந்தப் பெரிய அலகுகளின் பிற்காலக் கதை விந்தையானது. காட்டு வேடரிடையே கந்தே யக்கா என்னும் தெய்வம் உண்டு. முற்காலத்தில் வாழ்ந்த சிறந்த வேட்டைக்காரன் ஒருவன் இறந்தபின் தெய்வமானான் என்பர். வேட்டை வாய்க்க வேண்டி அத்தெய்வத்துக்குத் தேங்காய்ப்பால் நிறைந்த பாத்திரம் வைத்துச் செய்யும் கிரிகொரக என்னும் சடங்கிலே, ஆடுபவர் கையில் நீண்ட அலகுடைய அம்பொன்று இருக்கும். அதற்கு அவுதே என்று பெயர். ஆயுதம் என்ற சொல்லுக்கு அது உறவுச்சொல் போலத் தோன்றுகிறது. வேட்டையின் கருவி வழிபாட்டின் பொருளாயிற்று. கொக்கட்டிச்சோலையில் வாழும் நமக்கு இது புதுமையன்று. இங்குள்ள தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் ஐதிகத்திலே, திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகிற்று என்றும், அவன் அஞ்சித் தன் ஆடையாற் கட்டி வணங்கினான் என்றும் சொல்லப்படுகிறது. இரும்பின் வாயையும் குருதியையும் நன்கறிந்தவனிடத்திலேதான் தெய்வம் அவ்வாறு வெளிப்பட்டது போலும்.

வேடரின் வேட்டைக்காடு பின்னர் சுருங்கியது. 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பெருங்காடு நீர்த்தேக்கமும் குடியேற்றமுமாயிற்று. 1983-இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது அங்கு வாழ்ந்த வேடர் வெளியேற நேர்ந்தது. நம் வாகரை, கதிரவெளிப் பக்கத்துக் கரையோர வேடரோ நெடுங்காலமாகவே தமிழ் பேசி, மீன்பிடியும் பயிரும் செய்து வாழ்பவர்கள். யானைக்கு அலகு வேண்டுமென்று எந்தப் பட்டறையிலும் இனி இலை தொங்கப் போவதில்லை, தொங்கவும் வேண்டாம்.

ஆனால் யானை இறப்பது நின்றுவிட்டதா? இலங்கையிலே 2019 தொடக்கம் 2023 வரை ஒவ்வோர் ஆண்டிலும் 300-க்கு மேற்பட்ட யானைகள் இறந்திருக்கின்றன. படுவான்கரை விவசாயியின் துன்பத்தை நான் அறியாதவனல்லன். ஒரே இரவில் விளைந்த வயல் போய்விடுகிறது. மனித உயிரும் போகிறது. அந்தத் துன்பத்துக்கு அரசு விடை காணவே வேண்டும். இருந்தும் இப்போது காடோரங்களிற் கையாளப்படும் கருவிகளைப் பாருங்கள். கட்டுத்துவக்கு ஒன்று, சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் எனப்படும் வாய்வெடி மற்றொன்று. பூசணித் துண்டிலோ வேறு தீனியிலோ வெடிமருந்தை மறைத்து வைப்பார்கள். பன்றிக்கென்று வைத்ததை யானைக்கன்று கடிக்கிறது. தாடையும் நாவும் சிதைகின்றன. உயிர் உடனே போவதில்லை. தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல், பல நாள் குளக்கரையில் நின்று மெலிந்து இறக்கிறது.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் பட்டறையிலே தொங்கிய இலையை ஏறிட்டுப் பார்த்த கொல்லன், இது மானுக்கோ பன்றிக்கோ பெருவிலங்குக்கோ என்று அளவிலிருந்தே ஊகித்திருக்க இயலும். எய்தவனும் தடம்பற்றிப் போய் விலங்கு விழுந்த இடத்தைக் கண்டான். வாய்வெடியைச் செய்பவருக்கு அது எதன் வாயில் வெடிக்கும் என்பது தெரியாது. வைத்தவர் போய்ப் பார்ப்பதுமில்லை. மாடும் நாயும் அதற்குப் பலியாகின்றன. விறகுக்கும் தேனுக்கும் செல்வோரின் கைகளுக்கும் அதனால் ஆபத்துண்டு.

வயலோரத்திலோ குளக்கட்டிலோ ஐயத்துக்கிடமான தீனி உருண்டையோ, நூல் கட்டிய துவக்கோ கண்ணிற்பட்டால் அதனைத் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். கண்ட இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கோ பொலிசாருக்கோ உடனே அறிவியுங்கள்.